மூன்று தாமதங்கள்: பிரசவத்தில் தாய் ஏன் இறக்கிறாள்?

பிரசவத்தில் ஒரு பெண் இறந்தால், மருத்துவக் குறிப்பில் எழுதப்படும் காரணம் பெரும்பாலும் இரண்டு மூன்று சொற்களில் முடிந்துவிடும்: அதிக உதிரப்போக்கு, பேறுகால வலிப்பு, கிருமித் தொற்று, குழந்தை வெளிவர முடியாமல் சிக்கிக்கொண்டது. இவை எதுவும் பொய்யில்லை. ஆனால் இதே உதிரப்போக்கு சுவீடனில் பிரசவிக்கும் பெண்ணுக்கும் ஏற்படுகிறது. அவள் சில நாளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறாள். எத்தியோப்பியாவின் மலைக்கிராமத்துப் பெண்ணுக்கு மட்டும் அது ஏன் உயிர்போகும் விஷயமாகிறது?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023-இல் மட்டும் சுமார் 2,60,000 பெண்கள் கர்ப்பத்தாலோ பிரசவத்தாலோ இறந்தார்கள். நாளொன்றுக்கு 700-க்கும் மேல். இதில் ஏறக்குறைய 92 சதவீத இறப்புகள் குறைந்த வருமான நாடுகளிலும் அவற்றுக்குச் சற்றே மேலே உள்ள நாடுகளிலும் நடந்தவை. சிக்கல் எல்லா நாட்டிலும் வருகிறது. சிக்கல் வந்ததற்கும் சிகிச்சை கிடைத்ததற்கும் நடுவில் எவ்வளவு நேரம் கழிகிறது என்பதில்தான் நாடுகள் வேறுபடுகின்றன. அந்த நேரத்தை மூன்று பகுதியாகப் பிரித்துப் பார்க்கச் சொல்வதுதான் 'மூன்று தாமதங்கள்' என்ற கருத்து.

1987-இல் நைரோபியில் நடந்த மாநாட்டில் 'பாதுகாப்பான தாய்மை' உலக அளவிலான இயக்கமாகத் தொடங்கியது. அதன் பிறகு செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் படித்து, 1994-இல் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார்கள். அதில் அவர்கள் சொன்னது இதுதான். ஏதோ சரியில்லை என்று தெரிந்து, மருத்துவமனைக்குப் போகலாம் என்று வீட்டில் முடிவெடுக்க ஆகும் நேரம் முதல் தாமதம். கிளம்பிய பிறகு போய்ச்சேர ஆகும் நேரம் இரண்டாவது. உள்ளே போன பிறகு சரியான சிகிச்சை கிடைக்க ஆகும் நேரம் மூன்றாவது. இந்தியாவில் ஒரு தாய் இறந்தால் நடத்தப்படும் தாய் மரண ஆய்விலும் இன்று இந்த மூன்று தாமதங்களையும் தனித்தனியாகக் கேட்டு எழுதுகிறார்கள்.

இதை எத்தியோப்பியாவை வைத்துச் சொல்கிறேன். மூன்று தாமதங்களும் மிகக் கடுமையாக இருந்த நாடு அது. அவற்றைக் குறைக்க உண்மையாகவே உழைத்த நாடும் அதுதான்.

எவ்வளவு நேரம் இருக்கிறது?

தாமதம் என்றால் எவ்வளவு? சிக்கல் தொடங்கியதிலிருந்து, சிகிச்சை இல்லாவிட்டால் சராசரியாக எவ்வளவு நேரத்தில் உயிர் போகும் என்று மெய்ன் தொகுத்த கணக்கு ஒன்று உண்டு. குழந்தை பிறந்த பிறகு வரும் உதிரப்போக்கு என்றால் 2 மணி நேரம். பிறப்பதற்கு முன்பே உதிரம் போனால் 12 மணி நேரம். கர்ப்பப்பை கிழிந்தால் ஒரு நாள். வலிப்பு என்றால் 2 நாள். குழந்தை சிக்கிக்கொண்டால் 3 நாள். கிருமித் தொற்று என்றால் 6 நாள்.

இந்த வரிசையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கிருமித் தொற்றுக்கும் வலிப்புக்கும், தூரத்து ஊரிலிருந்து வந்தால்கூட, பிழைக்க வாய்ப்பு இருக்கிறது. பிரசவத்துக்குப் பின் வரும் உதிரப்போக்குக்கு அது இல்லை. மருத்துவமனை 4 மணி நேர நடை தூரத்தில் இருந்தால், உறவினர்கள் எவ்வளவு பதறி ஓடினாலும் கணக்கு ஒத்துவராது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகளில் ஏறத்தாழ 15 சதவீதம் பேருக்கு உயிருக்கு ஆபத்தான சிக்கல் வரலாம் என்பது பொதுவான மதிப்பீடு. அந்த 15 பேர் யார் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட முடியாது. ஒரு காலத்தில் உயரம், வயது, எத்தனையாவது பிரசவம் என்று மதிப்பெண் போட்டு, ஆபத்து அதிகமானவர்களை மட்டும் பிரித்தெடுத்து மருத்துவமனைக்கு அனுப்பிப் பார்த்தார்கள். அது பலிக்கவில்லை. ஆரோக்கியமாக இருந்தவள், ஏற்கெனவே மூன்று குழந்தைகளைச் சுகமாகப் பெற்றவள், நான்காவதில் உதிரம் போய் இறக்கிறாள். ஆகவே, ஒவ்வொரு பெண்ணும் அவசர சிகிச்சைக்கு எட்டும் தூரத்தில் பிரசவிக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு வழியில்லை.

உயிர் பிழைத்தவளுக்கு என்ன ஆகிறது?

தாமதத்தின் விலை இறப்பு மட்டும் இல்லை. குழந்தையின் தலை இடுப்பெலும்பு வளையத்தைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டால், கர்ப்பப்பை சுருங்கிச் சுருங்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். தலைக்கும் எலும்புக்கும் நடுவில் சிறுநீர்ப்பையும் யோனிச் சுவரும் மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் நசுங்கும். ரத்த ஓட்டம் நின்றுபோன அந்தத் திசு செத்துவிடும். குழந்தை பெரும்பாலும் இறந்தே பிறக்கும். அடுத்த சில நாளில் செத்த திசு உதிர்ந்து அங்கே ஒரு துளை விழும். அதன் வழியே சிறுநீர் ஓயாமல் கசிந்துகொண்டே இருக்கும். சிலருக்கு மலக்குடல் பக்கமும் துளை விழும். நரம்பு அழுந்தியதால் பாதம் தொங்கிப்போய் நடக்க முடியாதவர்களும் உண்டு. இதற்குப் பிரசவ ஃபிஸ்டுலா என்று பெயர்.

குழந்தையை இழந்த துக்கம் ஆறும் முன்பே துணி நனைந்த நிலையில் உட்கார்ந்திருக்கிறாள் அந்தப் பெண். நாற்றம் காரணமாகப் பலரைக் கணவன் விட்டுவிடுகிறான். கோயிலுக்கும் சந்தைக்கும் போக வெட்கப்பட்டு வீட்டுக்குப் பின்னால் தனிக் குடிசையில் வருடக்கணக்கில் வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆண்டுக்கு 50,000 முதல் 1,00,000 பெண்களுக்குப் புதிதாக இது ஏற்படுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. சிறு வயதில் கர்ப்பமாகும் பெண்ணுக்கு இடுப்பெலும்பு முழுதாக வளர்ந்திருக்காது என்பதால் ஆபத்து அதிகம். எத்தியோப்பியாவில் 2000-ஆம் ஆண்டின் குடும்பச் சட்டம் திருமண வயதை 18 ஆக்கியது. ஆனால் 2016-இல் நடந்த தேசிய ஆய்வில், 25 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப் பேர் ஏறக்குறைய 17 வயதுக்குள் திருமணமானவர்கள்.

இதை ஆப்பிரிக்காவின் நோய் என்று நினைப்பது தவறு. 1855-இல் நியூயார்க்கில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை தொடங்கப்பட்டபோது, அங்கே வந்த முக்கியமான நோயாளிகளில் ஃபிஸ்டுலா பெண்களும் இருந்தார்கள். அதைத் தொடங்கிய மரியன் சிம்ஸ் என்ற மருத்துவர், அறுவை முறையைக் கண்டுபிடிக்க அலபாமாவில் அனார்கா, லூசி, பெட்சி உள்ளிட்ட கறுப்பின அடிமைப் பெண்களின் உடலில் மயக்க மருந்து கொடுக்காமல் திரும்பத் திரும்ப அறுவை செய்தவர். அந்தப் பெண்களின் வேதனையைச் சொல்லாமல் இந்த அறுவையின் வரலாற்றைச் சொல்லக் கூடாது. பின்னாளில் சிசேரியன் பாதுகாப்பானதாகி, எல்லோருக்கும் கிடைக்கத் தொடங்கியதும் பணக்கார நாடுகளில் இந்த நோய் கிட்டத்தட்ட இல்லாமலே போனது. மருந்து கண்டுபிடித்து ஒழித்த நோய் அல்ல இது. உரிய நேரத்தில் ஒரு சிசேரியன் கிடைத்ததே போதுமானதாக இருந்தது.

முதல் தாமதம்: யாரைக் குறை சொல்வது?

2011-இல் எத்தியோப்பியாவில் நடந்த தேசிய ஆய்வில், வீட்டிலேயே பிரசவித்த பெண்களிடம் ஏன் மருத்துவமனைக்குப் போகவில்லை என்று கேட்டார்கள். பெரும்பாலோர் சொன்ன பதில், தேவைப்படவில்லை என்பதுதான். அப்போது மருத்துவ நிலையத்தில் நடந்த பிரசவங்கள் வெறும் 10 சதவீதம். இதைப் படித்ததும் 'விழிப்புணர்வு இல்லை' என்று சொல்லிவிடத் தோன்றும். பல அறிக்கைகள் அதோடு நின்றும்விடுகின்றன.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அம்மாவும் பாட்டியும் வீட்டில்தான் பெற்றார்கள். 100 பிரசவத்தில் 85 பெரிய சிக்கல் இல்லாமல் முடிந்துவிடும். அந்த ஊரில் அவள் கண்ணால் பார்த்த பிரசவங்களில் பெரும்பாலானவை நல்லபடியாகத்தான் முடிந்திருக்கும். அப்புறம், போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதும் வலியில் இருப்பவள் அல்ல. கணவன் வயலிலிருந்து வர வேண்டும், மாமியார் சம்மதிக்க வேண்டும். மகப்பேறு சேவை அரசு நிலையங்களில் இலவசம்தான், ஆனால் போக்குவரத்து, துணைக்கு வருபவர்களின் சாப்பாடு, வெளிக்கடையில் வாங்கச் சொல்லும் மருந்து எல்லாம் காசுதான். கையில் காசில்லாத வீட்டில் ஓர் ஆட்டை விற்கத்தான் வேண்டும். ஆடு வாங்குபவன் நள்ளிரவில் வர மாட்டான்.

தெரிந்திருக்க வேண்டிய அறிகுறிகள் உண்டு, அதை மறுக்கவில்லை. துணி நனையும் அளவுக்கு உதிரம் போவது, பார்வை மங்கி வரும் கடும் தலைவலி, முகமும் கையும் வீங்குவது, வலிப்பு, காய்ச்சல், பனிக்குடம் உடைந்தும் வலி வராதது, 12 மணி நேரத்துக்கு மேலும் பிரசவ வலி நீடிப்பது: இவற்றில் எது வந்தாலும் உடனே கிளம்ப வேண்டும். இந்த ஏழு விஷயங்களைக் குடும்பத்தில் கணவனுக்கும் மாமியாருக்கும் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும். ஆனால் சொல்லித்தந்துவிட்டால் மட்டும் அவர்கள் கிளம்பிவிட மாட்டார்கள். போகிற இடத்தில் என்ன நடக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது தாமதத்தை விளக்க நிறையச் சொல்ல வேண்டியதில்லை. எத்தியோப்பியாவின் உயர்நிலப் பகுதிகளில் ஊருக்கும் தார்ச்சாலைக்கும் நடுவில் ஆழமான பள்ளத்தாக்குகள் கிடக்கின்றன. மரக்கம்பில் கட்டிய தூக்குப்படுக்கையில் பெண்ணைக் கிடத்தி, ஊர் ஆண்கள் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்து வருவார்கள். மழைக்காலத்தில் ஆறு பெருகினால் அதுவும் நின்றுவிடும். அரசு மாவட்டந்தோறும் ஆம்புலன்ஸ் கொடுத்தது பெரிய உதவி, ஆனால் ஆம்புலன்ஸ் சாலை வரைதான் வரும்.

மூன்றாவது தாமதம், முதல் தாமதத்தைப் பெற்றெடுக்கிறது

மூன்று தாமதங்களில் அதிகம் பேசப்படாதது மூன்றாவதுதான். வந்துசேர்ந்துவிட்டாள், இனிப் பயமில்லை என்று நாம் நினைக்கிறோம். அங்கே இரவு நேரத்தில் அறுவை செய்யத் தெரிந்தவர் இல்லை. இருந்தால் மயக்க மருந்து கொடுப்பவர் இல்லை. இருவரும் இருந்தால் ரத்தம் இல்லை, உறவினர்தான் தேட வேண்டும். வலிப்புக்கு மக்னீசியம் சல்ஃபேட், உதிரம் நிற்க ஆக்ஸிடோசின் என்று விலை குறைந்த மருந்துகள்தான் வேண்டும். அவையும் எப்போதும் இருப்பில் இருப்பதில்லை.

எல்லாம் இருந்தாலும்கூட, கவனிக்காமல் விடுவதால் நேரம் போகும். உதிரம் எவ்வளவு போயிருக்கிறது என்பதைக் கண்ணளவில் குத்துமதிப்பாகச் சொன்னால் அது பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில் நடந்து 2023-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், பிரசவித்த பெண்ணின் கீழே அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் பை ஒன்றை விரித்து உதிரத்தை அளந்தார்கள். குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் வயிற்றை அழுத்திவிடுவது, மருந்துகள், சலைன் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் ஒரே மூச்சில் தொடங்கினார்கள். கடுமையான உதிரப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறக்கும் அறுவை, அதனால் இறப்பு ஆகியவை சேர்ந்து 60 சதவீதம் குறைந்தன. புதிய மருந்து ஒன்றுகூட இல்லை. மூன்றாவது தாமதத்தைக் குறைத்தார்கள், அவ்வளவுதான்.

நடத்தையும் இதில் சேர்த்தி. எத்தியோப்பியப் பெண்களிடம் நடந்த பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த குறைகள்: தெரியாத ஆண்கள் முன்னால் உடையில்லாமல் கிடக்க வேண்டியிருக்கிறது, அம்மாவையோ அக்காவையோ உள்ளே விடுவதில்லை, வலியில் கத்தினால் திட்டுகிறார்கள், வழக்கமான நிலையில் குந்தியோ மண்டியிட்டோ பெற விடுவதில்லை. இப்படி அவமானப்பட்டுத் திரும்பிய ஒருத்தி ஊரில் தன் கதையைச் சொல்கிறாள். அங்கே போயும் செத்துப்போன இன்னொருத்தியின் கதையும் ஊருக்குத் தெரியும். அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு வலி எடுக்கும்போது, குடும்பம் தயங்குகிறது. அந்தத் தயக்கத்தை நாம் வீட்டில் தேடுகிறோம். அது மருத்துவமனையில் உருவானது.

தாடியஸும் மெய்னும் 1994-லேயே இதைச் சொல்லிவிட்டார்கள்: போய்ச்சேர முடியுமா, போனால் நல்ல சிகிச்சை கிடைக்குமா என்பதை மக்கள் முன்பே எடைபோட்டுத்தான் கிளம்புகிறார்கள். ஏழைக் குடும்பத்தின் தயக்கத்தை அறியாமை என்று மட்டும் எழுதிவிட்டு, ரத்தமில்லாத ரத்த வங்கியை அப்படியே விட்டுவிடும் எந்தத் திட்டமும் பாதி வேலையைத்தான் செய்கிறது.

எத்தியோப்பியா என்ன செய்தது?

2003-இல் சுகாதார விரிவாக்கத் திட்டம் என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒரு சுகாதாரக் குடில், அதில் இரண்டு பெண் பணியாளர்கள். பள்ளிப் படிப்பை முடித்து, ஒரு வருடம் பயிற்சி பெற்று, அரசுச் சம்பளம் வாங்குபவர்கள். அந்தந்தப் பகுதியைச் சேர்ந்த பெண்களாகவே பார்த்து எடுத்தார்கள். வீடு வீடாகப் போய்க் குடும்பக் கட்டுப்பாடு, தடுப்பூசி, கர்ப்பகாலக் கவனிப்பு எல்லாம் பேசுவார்கள். பக்கத்து ஊர்ப் பெண் வந்து சொன்னால் மாமியார் கேட்பாள். முதல் தாமதத்தை இது குறைத்தது.

மூன்றாவதற்கு வேறொரு துணிச்சலான முடிவு. கிராமப்புறத்துக்கு வர மருத்துவர்கள் போதவில்லை என்பதால், 2009-இல் மருத்துவர் அல்லாத சுகாதார அலுவலர்களுக்கு முதுநிலைப் பயிற்சி கொடுத்து, சிசேரியன் உள்ளிட்ட அவசர அறுவைகளைச் செய்ய வைத்தார்கள். அப்புறம், சின்னதாகத் தெரியும் ஒரு மாற்றம்: பல சுகாதார நிலையங்களில் பிரசவித்த பெண்ணுக்கு கென்ஃபோ என்ற கெட்டிக் கஞ்சி கிண்டிக் கொடுக்கவும், காபி சடங்கு நடத்தவும் இடம் கொடுத்தார்கள். அந்த ஊரில் பிள்ளை பெற்ற வீட்டில் நடப்பது அது. மருத்துவ நிலையத்தில் அதற்கு இடம் கிடைத்ததும் பிரசவம் அந்நிய காரியமாகத் தெரியவில்லை.

2005-இல் 5 சதவீதமாக இருந்த மருத்துவ நிலையப் பிரசவங்கள் 2016-இல் 26, 2019-இல் 48 சதவீதமாயின. 2000-இல் ஒரு லட்சம் பிறப்புக்கு ஏறத்தாழ 950 தாய்மார்கள் இறந்துகொண்டிருந்த நாட்டில், 2020-இல் அது 267 ஆகக் குறைந்தது. இன்னும் அதிகம்தான். 2020 நவம்பரில் தொடங்கிய போரில் டிக்ரே பகுதியின் மருத்துவ நிலையங்கள் பலவும் சூறையாடப்பட்டன, இடிக்கப்பட்டன. 20 ஆண்டு உழைப்பு அங்கே சில மாதங்களில் கலைந்தது.

இரண்டாவது தாமதத்துக்கு அவர்கள் கண்ட விடைதான் எனக்கு மிகவும் பிடித்தது. மருத்துவமனை வளாகத்திலேயே ஒரு காத்திருப்பு வீடு. தூரத்து ஊர்ப் பெண் கடைசி வாரங்களில் அங்கே வந்து தங்கிவிடுவாள், வலி வந்தால் நடந்தே பிரசவ அறைக்குப் போய்விடலாம். குராகே பகுதியில் உள்ள அட்டட் மருத்துவமனை 1970-களிலேயே இதைத் தொடங்கியது. அங்கே 1987 முதல் 2008 வரை நடந்த 24,000-க்கும் மேற்பட்ட பிரசவங்களை ஆராய்ந்தபோது, காத்திருப்பு வீட்டில் தங்கியவர்களில் இறப்பு லட்சத்துக்குச் சுமார் 90, நேராக வந்தவர்களில் சுமார் 1,333. இந்த ஒப்பீட்டை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, ஏனென்றால் நேராக வந்தவர்களில் பலர் சிக்கல் முற்றிய பிறகே வந்தவர்கள். ஆனால் அவர்கள் ஏன் அவ்வளவு தாமதமாக வந்தார்கள் என்பதுதானே நம் கேள்வியே.

ஃபிஸ்டுலாவோடு பிழைத்தவர்களுக்கு அடிஸ் அபாபாவில் ஓர் இடம் இருக்கிறது. மருத்துவச்சிகளுக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்க 1959-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கேத்தரின், ரெஜினால்ட் ஹாம்லின் தம்பதி, வந்த இடத்தில் இந்தப் பெண்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகவே இல்லை. 1974-இல் அவர்கள் தொடங்கிய ஃபிஸ்டுலா மருத்துவமனையும் அதன் ஐந்து கிளைகளும் 60,000-க்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிகிச்சை கொடுத்திருக்கின்றன. பல நாள் வலிக்குப் பிறகு நோயாளியாக வந்துசேர்ந்த மாமிட்டு காஷே என்ற பள்ளி செல்லாத இளம்பெண், குணமானபின் அங்கேயே படுக்கை விரிக்கும் வேலையில் சேர்ந்து, அறுவை அறையில் உதவியாளராகி, கடைசியில் தானே அறுவை செய்யும் அளவுக்குத் தேர்ந்தார். வெளிநாட்டிலிருந்து வந்த மருத்துவர்களுக்கும் அவர் கற்றுக்கொடுத்தார்.

கேத்தரின் 2020-இல் தம் 96-ஆம் வயதில் காலமானார். தைத்துச் சரிசெய்வது மட்டும் போதாது, துளை விழாமலே தடுக்க வேண்டும் என்பது அவர் கடைசிவரை சொல்லிவந்தது. அதற்காக 2007-இல் தொடங்கிய மருத்துவச்சிக் கல்லூரி கிராமத்துப் பெண்களையே எடுத்து, பட்டப்படிப்பு படிக்கவைத்து, அவரவர் பகுதிக்கே திருப்பி அனுப்புகிறது. பிரசவம் நகராமல் நிற்கிறது என்பதை வரைபடத்தில் மணிக்கு மணி குறித்து, உரிய நேரத்தில் அடுத்த மருத்துவமனைக்கு அனுப்புவது அவர்கள் வேலை.

சரியாகிப் போகும் பெண்களுக்கு மருத்துவமனை ஒரு புது உடை கொடுக்கிறது. கூடவே ஒன்று சொல்லி அனுப்புகிறார்கள்: அடுத்த முறை கர்ப்பமானால் வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம், தைத்த இடம் மறுபடி கிழிந்துவிடும். கடைசி மாதத்திலேயே மருத்துவமனைக்கு வந்து தங்கிவிட வேண்டும். சிசேரியன் செய்து குழந்தையை உயிரோடு எடுத்துக் கொடுப்பார்கள்.